டியூஷன் வாத்தியார்

பிளஸ் டூ படிக்கும் தம் பெண்ணுக்குப் பொருளாதாரம் கற்பிக்க நல்ல வாத்தியார் ஒருவர் வேண்டுமென்று சென்ற வாரம் நண்பர் ஒருவர் நம்மிடம் வந்தார். பெண்ணும் உடன் வந்திருந்தாள். "எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன், ஸார்!" என்றார் நண்பர்.

அந்தச் சாஸ்திரத்தின் பிதா என்று கொண்டாடப்படும் ஆடம் ஸ்மித்தே டியூஷன் வாத்தியாராக இருந்தவர்தாம் என்று சொன்னோம். 1764-ல் அவர் கிளாஸ்கோ சர்வகலாசாலைப் பதவியைத் துறந்து, பக்ளூ என்ற இளம் பிரபுவுக்குப் போதிக்கப் பிரான்ஸ் தேசம் சென்றார். வருஷத்துக்கு 300 பவுன் சம்பளம்; பிறகு ஆயுள் முழுவதும் அதே அளவு உபகாரச் சம்பளம். ஆனால் புறப்படுமுன் அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? பாடம் முடியுமுன் போகிறோமே என்று, மாணவர்கள் செலுத்திய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் வாங்க மறுத்தும் அவர் விடவில்லை!

"ஆகையால் கூலியைப் பேசுமுன் ஆளைப் பாருங்கள். வெங்காய விலை ஏறுவானேன் என்று கேளுங்கள். உடனே நோட்ஸை நீட்டுகிறவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். 'நீ என்ன நினைக்கிறாய், அம்மா?' என்று குழந்தையைத் திருப்பிக் கேட்கிறவரை விடாதீர்கள்" என்றோம்.

வாசல் வரை போன பெண் திரும்பிப் பார்த்து, "எங்கள் வகுப்பில் யாரும் அப்படிக் கேட்டதில்லையே, ஸார்!" என்றாள்.

அவள் படிப்பது நமது பள்ளிக்கூடத்தில்தான். அன்றிரவு, மறுநாள் பாடத்துக்கு வழக்கமான நோட்ஸை எடுத்து வைக்க நமக்கு மனம் வரவில்லை.