சான்றிதழ் சுவரில், பயிற்சி எங்கே?

பேரவைச் செயலவையில் இருந்த காலத்தில், தலைமைத்துவ முகாமுக்குப் போய்வரும்போதெல்லாம் ஒரு கோப்பு நிறையத் தாள்களோடு திரும்புவேன். "நாங்கள் எப்போதும் இப்படித்தான் செய்வோம்" என்று மூத்தவர்கள் சொன்னதும் கோப்பு அலமாரிக்குப் போய்விடும். பிற்காலத்தில் அதே வசனத்தை நானே பேசுவேன் என்று அப்போது நினைக்கவில்லை.

பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்திப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். அங்கு நெடுங்காலம் வேலை செய்த அண்ணன் ஒருவரை, அச்சு மாற்றும் நேரத்தைக் குறைப்பது பற்றிய 2 நாள் பயிற்சிக்கு அனுப்பினோம். ஜப்பானியரான ஷிகியோ ஷிங்கோ வகுத்த முறை அது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அச்சு, போல்ட், கருவிகள் எல்லாவற்றையும் பக்கத்தில் தயாராக வைத்துவிட வேண்டும். நிறுத்திய பிறகு ஸ்பானர் தேடி ஓடக்கூடாது. 10 நிமிடத்துக்குள் மாற்றுவதே இலக்கு. எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது.

திங்கட்கிழமை காலையிலேயே குறிப்பேட்டோடு வந்து நின்றார். "தம்பி, ஒரு தள்ளுவண்டியும் ரெண்டு வாரமும் குடுங்க, செஞ்சு காட்டுறேன்." சரக்கு அனுப்பும் அவசரத்தில் இருந்தேன். "அப்புறம் பார்க்கலாம் அண்ணே, இப்போதைக்குப் பழையபடியே செய்யுங்க" என்றேன். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. மறு ஆண்டு வேறொரு பயிற்சிக்கு அவரை அழைத்தபோது, "சின்னப் பையன் யாரையாவது அனுப்புங்க தம்பி" என்றார்.

'ஊழியர்களுக்குக் கற்கும் ஆர்வமில்லை' என்று மேலாளர்கள் குறைப்படும்போது எனக்கு அவர் முகம்தான் வருகிறது. நம் நாட்டில் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் முதலாளிகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள லெவியாகச் செலுத்துகிறார்கள். பணம் கிடக்கிறதே என்று ஆள் அனுப்புகிறோம். பயிற்சி முடிவில் உணவு எப்படி, பேச்சாளர் எப்படி என்று ஒரு பாரத்தை நிரப்பச் சொல்கிறோம். டோனல்ட் கிர்க்பேட்ரிக் 1959இல் வகுத்த நான்கு படிகளில் அது முதல் படி மட்டுமே. கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, பலன் வந்ததா என்பவை மற்ற மூன்று. மூன்றாவது படியில் தடுக்கி விழுவதற்குக் கற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் அந்தப் படியில் குறுக்கே நிற்பவர் என்னைப் போன்ற மேலாளர்தான். 1988இல் பால்ட்வினும் ஃபோர்டும் எழுதிய கட்டுரை, பயிற்சி வேலைக்கு வந்து சேர மேலதிகாரியின் ஆதரவும் செய்துபார்க்கும் வாய்ப்பும் தேவை என்று எடுத்துக்காட்டியது. நான் அதைப் பிறகுதான் படித்தேன்.

இப்போது யாரையும் அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: திரும்பி வந்ததும் எந்த இயந்திரத்தில், எந்த வாரம் செய்து பார்க்கப் போகிறீர்கள்? பதில் இல்லையென்றால் அனுப்புவதில்லை. வேலைக்குப் போகவிருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் மேலதிகாரி இதைக் கேட்காவிட்டால் நீங்களே அவரிடம் கேளுங்கள்.

தள்ளுவண்டியைப் பின்னொரு நாள் எங்கள் பட்டறையிலேயே பழைய இரும்பை வைத்துச் செய்தார்கள். ஒரே பகலில் முடிந்துவிட்டது. அண்ணன் அதற்கு முந்தைய ஆண்டே பணி ஓய்வு பெற்றிருந்தார்.