கொடுக்கும் கையும் கட்டிய வாயும்

உதவி தருகின்றவன் தனது பணம் எதற்குச் செலவாகின்றது என்று கேட்பது நியாயம்தான். அதில் எமக்கு வழக்கில்லை. அடுத்தவன் தந்த பணத்துக்கும் அவனே கணக்குக் கேட்டால்?

1984 இல் மெக்சிக்கோ நகரில் நடைபெற்ற குடித்தொகை மாநாட்டில் றேகனின் அரசாங்கம் அறிவித்த கொள்கை இதைத்தான் செய்தது. அமெரிக்க உதவிப் பணத்தைக் குடும்பத் திட்டமிடல் என்ற பெயரில் கருக்கலைப்புக்குச் செலவிடலாகாது என்று 1973 இலேயே சட்டம் வந்துவிட்டது. புதிதாக வந்தது வாய்ப்பூட்டு. அந்த நிதியைப் பெறும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம், வேறெவர் தந்த பணத்திலும் கருக்கலைப்புச் செய்யலாகாது. அதற்கு ஆலோசனை சொல்லலாகாது. சட்டத்தைத் தளர்த்தும்படி தன் சொந்த அரசாங்கத்திடம் கேட்கவும் ஆகாது. (வன்புணர்வு, தாயின் உயிராபத்து போன்ற விலக்குகள் உண்டு.) அமெரிக்க நிறுவனங்களின் சொந்தப் பணத்துக்கு மட்டும் அன்று இக்கட்டு இருக்கவில்லை. அங்கே பேச்சுச் சுதந்திரம் அரசியலமைப்பில் இருக்கின்றதல்லவா!

நேபாளத்தைப் பாருங்கள். கருக்கலைத்த குற்றத்துக்காகப் பெண்கள் சிறையில் கிடந்த நாடு அது. 2001 இல் புஷ் இந்நிபந்தனையை மீண்டும் கொண்டுவந்தபோது நேபாளக் குடும்பத் திட்டமிடல் சங்கம் கையொப்பமிட மறுத்தது. அமெரிக்க உதவியை இழந்தது. சட்டத்தை மாற்றும் விவாதம் நடந்துகொண்டிருந்த காலம். கையொப்பமிட்டிருந்தால் அச்சங்கம் அதில் வாய் திறந்திருக்க முடியாது. 2002 இல் சட்டம் மாறிற்று.

கருவும் உயிர்தானே, தடுத்தால் நல்லதுதானே என்று நம்மவரிலும் கேட்போர் உளர். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. தடுத்ததா என்று மட்டும் கேட்கிறேன். சகாராவுக்குத் தெற்கேயுள்ள 26 ஆபிரிக்க நாடுகளின் 1995 முதல் 2014 வரையான தரவுகளை ஆராய்ந்த கட்டுரையொன்று 2019 இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்தது. அமெரிக்க உதவியில் அதிகம் தங்கியிருந்த நாடுகளில், கொள்கை நடைமுறையிலிருந்த ஆண்டுகளில், ஏனைய நாடுகளோடு ஒப்பிடுகையில் கருக்கலைப்பு ஏறத்தாழ 40 சதவீதம் கூடியிருந்தது. கருத்தடைச் சாதனங்களின் பாவனை 14 சதவீதம் குறைந்திருந்தது. இதில் புதிரொன்றுமில்லை. மறுத்த நிறுவனத்தின் கிளினிக்கிற்குப் பணம் நின்றால் முதலில் தீர்ந்துபோவது அங்கே கொடுத்துவந்த கருத்தடை மாத்திரைதான்.

1993 இல் கிளின்டன் நீக்கினார். 2001 இல் புஷ் போட்டார். 2009 இல் ஒபாமா நீக்கினார். 2017 இல் ட்ரம்ப் போட்டதோடு எச்.ஐ.வி., மலேரியா நிதிக்கும் விரித்தார். 2021 இல் பைடன் நீக்க, 2025 ஜனவரியில் ட்ரம்ப் மீண்டும் போட்டார். இத்தேர்தல்கள் எதிலும் அந்தக் கிளினிக் வாசலில் நிற்கும் பெண்ணுக்கு வாக்கு இருக்கவில்லை.