ஒன்று போல் ஒன்று இல்லை

சென்ற மாதம் படுவான்கரைக் கிராமமொன்றுக்குப் போயிருந்தேன். 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னர் பாதைக்குக் காத்திருந்துதான் வாவியைக் கடக்க வேண்டும். இப்போது சில நிமிடங்களில் அக்கரைக்குப் போய்விடலாம். அந்தக் கிராமத்தில் பனையோலைப் பை இழைக்கும் பெண்கள் குழுவொன்று இருக்கின்றது. மொத்தம் 11 பேர். அவர்களில் அநேகமானோர் யுத்தத்தில் கணவரை இழந்தவர்கள், அல்லது கணவருக்கு என்ன நடந்தது என்று இன்று வரை தெரியாதவர்கள்.

நான் போனபோது ஒருவரும் வேலை செய்து கொண்டிருக்கவில்லை. வேப்பமரத்தின் கீழ் ஓர் உரப்பை அவிழ்ந்து கிடந்தது. அதற்குள் 13 பைகள். கொழும்பிலுள்ள ஒரு கடை 40 பைகளுக்கு ஓடர் கொடுத்திருந்தது. அதில் 27ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பியிருந்தது. கூட வந்த கடிதத்தில் ஒரேயொரு வரிதான்: "மாதிரியோடு ஒத்துப் போகவில்லை." ஒரு பைக்குக் கூலி 450 ரூபா. 13 பைக்கு 5850 ரூபா. பெரிய கடைக்கு அது ஒரு தொகையே இல்லை. இந்தப் பெண்களுக்கு அது அரிசி, பிள்ளைகளின் ரியூசன் காசு, கடைக் கொப்பியில் ஏறிப்போன கடன்.

அந்த 13இல் 9 பைகள் ஒரே அக்கா இழைத்தவை. அவவின் கணவர் 2007இல் கடைக்கென்று போனவர், திரும்பி வரவில்லை. மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். "என்ர கைதான் பிழையாம் மிஸ். ஒண்டு போல ஒண்டு இல்லையாம். என்னால மற்ற ஆக்களுக்கும் கெட்ட பேர். இனி நான் இழைக்காம விடுறன்" என்றா.

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. "கொஞ்சம் பொறுங்க அக்கா, யோசிப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சித்தியின் மகள் முன்பொரு தடவை சொன்ன விடயம் ஞாபகத்துக்கு வந்தது. அவள் லண்டனில் தொண்டு நிறுவனமொன்றின் பழைய பொருட் கடையில் வேலை செய்கிறாள். அங்குள்ள சனங்கள் பாவித்த உடுப்பு, சப்பாத்து, பை எல்லாவற்றையும் இலவசமாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவற்றை விற்று வரும் காசு தொண்டு வேலைக்குப் போகும். சில வேளைகளில் உலகப் புகழ்பெற்ற கொம்பனிகளின் பழைய கைப்பைகளும் வந்து சேருமாம். எங்களது காசில் பல இலட்சம் ரூபா பெறுமதியானவை.

"அக்கா, ஒரே கொம்பனி, ஒரே பெயர், ஒரே அளவு எண்டு சொல்லுற ரெண்டு பழைய பையைப் பக்கத்தில வைச்சுப் பாருங்க. ஒண்டு போல ஒண்டு இராது. ஸிப் வேற, தையல் வேற, தோலின்ர நிறம் வேற. முதல்ல நான் போலி எண்டுதான் நினைச்சன்" என்று அவள் சொல்லியிருந்தாள். அன்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது அவளுக்கு ரெலிபோன் எடுத்து விபரமாகக் கேட்டேன். நானும் தேடி வாசித்தேன். எமது சகோதரிகளுக்குப் பயன்படும் என்பதால் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது காரணம் கை. பாரிஸ் நகரில் 1837இல் குதிரைச் சேணமும் வார்களும் செய்யும் பட்டறையாகத் தொடங்கிய கொம்பனி எர்மெஸ். அங்கே பெறுமதியான கைப்பையொன்றைப் பொதுவாக ஒரே தொழிலாளிதான் தொடக்கம் முதல் முடிவு வரை செய்கிறார். தேன்மெழுகு பூசிய நூலின் இரண்டு நுனியிலும் இரண்டு ஊசிகளைக் கோத்து, ஒரே துளைக்குள்ளால் இரண்டு பக்கமிருந்தும் இழுத்துத் தைக்கும் சேணத்தையல் அது. ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை கழராது. ஆனால் ஒருவர் நூலை இழுக்கும் இறுக்கம் மற்றவருக்கு வராது. எங்கள் குழுவிலும் ஒருவரின் பையைத் தொட்டவுடனேயே "இது இன்னார் இழைச்சது" என்று மற்றவர்கள் சொல்லிவிடுவார்களே, அதே விடயம்தான்.

இரண்டாவது மூலப்பொருள். தோல் என்பது ஓர் உயிரின் உடம்பில் இருந்தது. கழுத்துப் பக்கத் தோல் ஒரு மாதிரி, வயிற்றுப் பக்கம் இன்னொரு மாதிரி. நரம்பின் கோடும் முள் கீறிய தழும்பும் அதில் இருக்கும். தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் தொழில் பெயர்பெற்றது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் தோல் பதனிடுவது அந்தப் பகுதியின் பழைய முறை. இப்படி மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் வெயிலும் கைபட்ட எண்ணெயும் சேரச் சேர நிறம் மாறும். லூயி வுய்ட்டோன் என்ற பிரெஞ்சுக் கொம்பனியின் பைகளிலே கைபிடி புதிதில் வெளிறிய நிறமாக இருக்கும், பாவிக்கப் பாவிக்கத் தேன் நிறமாகிவிடும். ஒரே நாளில் செய்த இரண்டு பைகளில் ஒன்று அலுமாரிக்குள் இருந்து மற்றது தினமும் சந்தைக்குப் போயிருந்தால், 20 வருடங்களின் பின் இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

மூன்றாவது, செய்த இடமும் சாமான் கொடுத்தவரும். லூயி வுய்ட்டோன் 1854இல் தொடங்கியது. எழுத்தும் பூவும் சேர்ந்த அதன் பிரபலமான கோலம் 1896இல் வந்தது. இன்று அதன் பட்டறைகள் பிரான்சில் மட்டுமல்ல, ஸ்பெயின், இத்தாலி, அமெரிக்கா ஆகிய நாடுகளிலும் உள்ளன. 1970களில் அமெரிக்காவில் வேறொரு கொம்பனி அனுமதி பெற்று அதன் பைகளைச் செய்தது. அந்தப் பைகளில் அமெரிக்க ஸிப்பும், பிரான்சில் செய்தவற்றில் பிரெஞ்சு ஸிப்பும் இருந்தன. இரண்டும் அசல்தான்.

நான்காவது, காலத்தோடு வந்த மாற்றம். அநாதை இல்லத்தில் வளர்ந்து அங்கே தையல் பழகியவர் கோகோ ஷனெல் என்ற பெண்மணி. தோளில் கொழுவும் சங்கிலிப் பையொன்றை அவர் 1955 பெப்ரவரியில் வெளியிட்டார். கைகளுக்கு வேறு வேலை இருக்கின்றது, பையைத் தோள் சுமக்கட்டும் என்பதே அதன் பயன். அதன் பூட்டு முதலில் சாதாரணமான நீள்சதுரத் திருகுபூட்டு. 1980களில் அவரது கொம்பனி பெயரெழுத்துக்கள் பொறித்த பூட்டையும் போடத் தொடங்கியது. ஒன்றில் எழுத்து இருக்கின்றது, மற்றதில் இல்லை என்பதற்காக எதையும் போலி என்று சொல்ல முடியாது.

ஐந்தாவது காரணம் எங்களுக்கு மிக நெருக்கமானது. அது தட்டுப்பாடு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் இத்தாலியில் தோலும் உலோகமும் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. புளோரன்ஸ் நகரத்துக் குச்சி கொம்பனியின் தொழிலாளிகள் 1947இல் மூங்கிலை நெருப்பில் வாட்டி, கையால் வளைத்துக் கைபிடியாகப் பொருத்தினார்கள். மூங்கிலில் கணு வரும் இடம் ஒன்று போல் ஒன்று இராது. எனவே கைபிடியும் ஒன்று போல் ஒன்று இராது. இல்லாமையால் வந்த அந்த மூங்கில் கைபிடி இன்று அந்தக் கொம்பனியின் பெருமைக்குரிய அடையாளமாகிவிட்டது. யுத்த காலத்தில் எங்கள் தாய்மார் இல்லாததற்குப் பதிலாக இருந்ததை வைத்துச் சமாளித்த கதைகளை நாங்கள் பெருமையாகச் சொல்வதில்லை. ஏன் என்று யோசித்தேன்.

கடைசியாக, திருத்தம். பழைய பையின் கைபிடி மாற்றியிருப்பார்கள், உள்துணி மாற்றியிருப்பார்கள். பழையதும் புதியதும் ஒன்றாய் இருக்கும்.

அப்படியென்றால் போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு குறியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார்களாம். நூல், தையல், பித்தளையின் பாரம், பதித்த எழுத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அந்தப் பை செய்த வருடத்துக்கும் இடத்துக்கும் அவை பொருந்துகின்றனவா என்று கேட்பார்களாம். அதற்கு உதவுவது பதிவு. எர்மெஸ் 1945 முதல் வருடத்துக்கு ஓர் எழுத்தைப் பையில் பதித்து வருகின்றது. செய்த தொழிலாளியின் அடையாளமும் இருக்கும். லூயி வுய்ட்டோன் 1980களின் தொடக்கத்திலிருந்து 2021 வரை பட்டறையையும் காலத்தையும் காட்டும் குறியீட்டை உள்ளே பதித்தது. பிறகு அதற்குப் பதிலாகச் சிறிய மின்சில்லை வைக்கத் தொடங்கியது.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். ஒரு பொருளின் பெறுமதியை அதன் உழைப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை, யார் செய்தார், யார் விலை சொல்கிறார் என்பதும் தீர்மானிக்கின்றது என்று அங்கே படித்திருக்கிறேன். அதை இந்த உரப்பைக்கு முன்னால்தான் சரியாக விளங்கிக்கொண்டேன். பாரிஸ் பட்டறையில் தையல் சற்று மாறினால் அது கைவேலையின் அழகு. படுவான்கரையில் மாறினால் கூலி வெட்டு. அங்கே வித்தியாசத்துக்குப் பக்கத்தில் ஒரு பதிவு இருக்கின்றது. எங்களிடம் அது இல்லை. பதிவு இல்லாத வித்தியாசத்தை யாரும் பிழை என்று சொல்லிவிடலாம்.

அடுத்த கிழமை மீண்டும் போனேன். 13 பைகளையும் பாயில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றும் ஏன் மாறியது என்று எல்லோரும் சேர்ந்து பார்த்தோம்.

2 பைகளின் கைபிடி இழுத்தவுடன் கழன்றது. அது உண்மையான பிழை. அவசரத்தில் கட்டிய முடிச்சு. அதை நாங்கள் மறைக்கவில்லை. வாங்குபவரின் காசுக்கும் மரியாதை இருக்கின்றது. வேறு 2 பைகளில் சிவப்பு மங்கலாக இருந்தது. மழை நாளில் சரியாகக் காயாத குருத்தோலையில் சாயம் அப்படித்தான் பிடிக்கும் என்று வயதான அம்மா ஒருவர் சொன்னா. "ஓலைக்கும் காலம் இருக்கு மகள். பங்குனி ஓலையும் மார்கழி ஓலையும் ஒண்டா?" என்று கேட்டா. அளவிலும் சிறு மாற்றம் இருந்தது. எல்லோரும் சாண் போட்டே அளந்திருக்கிறார்கள். 11 பேருக்கும் 11 சாண்!

மிச்சம் அந்த அக்காவின் 9 பைகள். அவற்றின் விளிம்பு மற்றவர்களுடையதைப் போல் மடித்து முடியாமல், பின்னல் போலச் சுற்றி முடிந்திருந்தது. இதை எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். 2007 மார்ச்சில் படுவான்கரைச் சனங்கள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடி வந்தபோது அவவும் முகாமொன்றில் இருந்திருக்கிறா. மூதூர் கிழக்கிலிருந்து 2006இல் இடம்பெயர்ந்து, வாகரைக்கு வந்து, அங்கிருந்தும் இடம்பெயர்ந்த ஓர் அம்மா பக்கத்துக் கூடாரத்தில் இருந்தாவாம்.

"கையில வேலை இல்லாட்டி மண்டை வெடிச்சிடும் மிஸ். அவர் காணாமப் போன நேரம். அந்த அம்மாதான் ஓலையைக் கையில தந்து இப்பிடி முடி எண்டு காட்டித் தந்தா. பிறகு அவங்கட ஊருக்குப் போயிட்டா. இப்ப இருக்கிறாவோ தெரியாது. இந்த விளிம்பு மட்டும் என்ர கையோட வந்திட்டு."

சிறிது நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. அந்த விளிம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம். மற்ற விளிம்புகளை விட உறுதியாக இருந்தது.

அன்று குழுவாகச் சில முடிவுகள் எடுத்தோம். கைவேலை செய்யும் மற்றச் சகோதரிகளும் யோசித்துப் பார்க்கலாம்.

ஒரு கொப்பி வைத்து, இழைத்தவர், திகதி, ஓலை எடுத்த மாதம், சாயம், வளையமும் பொத்தானும் வாங்கிய கடை ஆகியவற்றை எழுதுவது. எழுதத் தெரியாதவர்களுக்காக உயர்தரம் படிக்கும் மகள் எழுதுவாள்.

சாணை விட்டு அளவு நாடா பாவிப்பது. ஒரு மாதிரிப் பையைக் குழுவிடமே வைத்திருப்பது.

ஓடர் எடுக்கும்போதே எவை சற்று மாறலாம், எவை மாறவே கூடாது என்று எழுத்தில் பேசிக்கொள்வது. நிறத்தின் சாயலும் அரை அங்குல அளவும் மாறலாம். கைபிடியின் உறுதி மாறக்கூடாது, சாயம் கழரக்கூடாது.

ஒவ்வொரு பைக்குள்ளும் இழைத்தவரின் அடையாளம் வைப்பது. பெயர் வெளியே போவதை விரும்பாத பெண்கள் எம்மில் இருக்கிறார்கள். அதற்கு அவர்களிடம் நியாயமான காரணம் உண்டு. அவர்கள் ஒரு பூவோ மீனோ வைத்தால் போதும். அக்கா இரண்டு சிறிய கோடுகளைத் தெரிவு செய்தா. ஒன்று தனக்கு, மற்றது அந்த மூதூர் அம்மாவுக்காம்.

கைபிடி கழன்ற 2 பைகளையும் திருத்திவிட்டோம். கடைக்கும் விளக்கமாகக் கடிதம் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. வருமா என்றும் தெரியாது. 9 பைகளில் 4ஐ மட்டக்களப்பு நகரத்துச் சந்தையொன்றில் விற்றோம். வாங்கிய ஒரு பெண் விளிம்பைத் தடவிப் பார்த்து, "இது யார் செஞ்சது?" என்று கேட்டா. அதை நான் போய்ச் சொன்னபோது அக்கா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்க் காயவைத்த ஓலைக் கட்டை எடுத்து வந்து, ஈர்க்குக் கிழிக்கத் தொடங்கினா.

சகோதரிகளே, நீங்கள் இழைப்பதாக இருக்கலாம், தைப்பதாக இருக்கலாம், நெசவாக இருக்கலாம். உங்கள் வேலையில் மற்றவருடையதிலிருந்து மாறுபடும் ஒரு சிறிய விடயம் நிச்சயம் இருக்கும். அது எங்கிருந்து வந்தது, யார் சொல்லித் தந்தது என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எழுத முடியாவிட்டால் யாரிடமாவது சொல்லி எழுதுவியுங்கள்.