வேகம் போதவில்லை என்னும் பொய்

ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் புது லேப்டாப்போடு என் அறைக்கு வந்தார். சந்திரசூடேஸ்வரர் தேர்த் திருவிழாவுக்குப் பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடிப் பதிவு செய்கிறவர். பாடும்போது ஹெட்போனில் 'டிக் டிக்' என்று சத்தம் உடைகிறதே என்று பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். "இந்த சிஸ்டம் பத்தாது தம்பி, பிராசசர் பழசு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். பழையதை அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு, மாதத் தவணையில் புதியதைத் தலையில் கட்டி அனுப்பினார்கள். இப்போது புதியதிலும் அதே 'டிக் டிக்'. "இதைவிடப் பெருசா எடுக்கணுமாண்ணா?" என்று கேட்டார். லேப்டாப்பைத் திறந்து பவர் அமைப்பை மாற்றினேன், சார்ஜரைச் செருகினேன். சத்தம் நின்றுவிட்டது. பழைய லேப்டாப்பிலும் இப்படித்தான் நின்றிருக்கும். அதுதான் இப்போது அவர் கையில் இல்லையே!

பாட்டு உடைந்தால் பிராசசர் போதாது. கிகாஹெர்ட்ஸ் கூடினால் பதிவு சுத்தமாகும். இந்த நம்பிக்கை பாகலூர் சாலையிலிருந்து பர்கூர் வரைக்கும் பரவிக் கிடக்கிறது. கல்யாண வீடியோ எடுப்பவர், சர்ச் பாடகர் குழு நடத்துபவர், தேர்தலுக்கு ஆட்டோ விளம்பரம் பேசுபவர் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். விற்கிறவன் சொல்வதில் எனக்கு ஆச்சரியமில்லை. வாங்கி ஏமாந்தவர்களும் அடுத்தவருக்கு அதையே சொல்லிக்கொடுப்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

இவர்கள் எல்லோரையும் நான் 1986க்கு அழைக்கிறேன். அந்த வருடம் தீபாவளிக்கு வந்த படம் கே. பாலசந்தரின் 'புன்னகை மன்னன்'. அதற்கு இளையராஜா கையாண்டது யமஹா சிஎக்ஸ்5எம் என்ற இசைக் கணினி. அதற்குள் இருந்த பிராசசர் இசட்80ஏ. அதன் வேகம் 3.58 மெகாஹெர்ட்ஸ். கிகாஹெர்ட்ஸ் இல்லை, மெகாஹெர்ட்ஸ். எஸ்.பி. ரோட்டில் 'பத்தாது' என்று ஒதுக்கப்படும் லேப்டாப் அதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேகமாக ஓடுகிறது. அந்தப் படத்தின் இசையை இன்றைக்கும் தமிழ்நாடு கேட்கிறது. எந்த இடத்தில் 'டிக்' என்று கேட்டது, சொல்லுங்கள்?

உடனே ஒரு விவரக்காரர் எழுந்து, அந்தப் பிராசசர் ஒலியை உருவாக்கவில்லை, அதற்குத் தனி எஃப்.எம். சிப் இருந்தது, பிராசசர் ஸ்வரங்களை நேரத்துக்கு அனுப்பியது மட்டும்தான் என்பார். ஆமாம், நேரத்துக்கு அனுப்பியது. அதைத்தான் நானும் சொல்கிறேன். 3.58 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் தன் வேலையை உரிய கணத்தில் முடித்தது. உங்கள் 3.5 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் முடிக்கவில்லை. ஏன் முடிக்கவில்லை என்று கேட்காமல் பணத்தை எடுத்து நீட்டுகிறீர்கள்.

ஏன் என்பது ரகசியம் ஒன்றுமில்லை. 48,000 ஹெர்ட்ஸில் பதிவு செய்கிறீர்கள், பஃபரை, அதாவது ஒரு தடவைக்குக் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை, 128 என்று வைத்திருக்கிறீர்கள் என்றால், கணினி ஏறத்தாழ 2.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு பொட்டலம் ஒலியைத் தயார் செய்து கொடுத்தாக வேண்டும். ஒரு பொட்டலம் தாமதமானாலும் காதில் 'டிக்' என்று கேட்கும். இப்போது பிராசசர் பக்கம் பாருங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக, வேலை குறைந்ததும் அது தன் வேகத்தைத் தானே இறக்கிக்கொள்ளும். பல லேப்டாப்களில் 800 மெகாஹெர்ட்ஸுக்கும் இறங்கும். அதற்கும் வேலை இல்லாதபோது அரைத் தூக்கத்துக்குப் போகும். ஒலி வேலையோ விட்டுவிட்டு வருவது. ஒரு பொட்டலத்தை முடித்ததும் சிறு ஓய்வு, மறுபடி ஒரு பொட்டலம். அந்த ஓய்வைப் பார்த்து 'இங்கே பெரிய வேலை இல்லை' என்று பிராசசர் வேகத்தை இறக்குகிறது. அடுத்து கோரஸும் தவிலும் எதிரொலியும் சேர்ந்த கனமான பொட்டலம் வரும்போது விழித்து, வேகமெடுப்பதற்குள் கெடு தாண்டிவிடுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் முப்பது சதவீதம்தான் பயன்பாடு என்று காட்டும். அது நீண்ட நேரத்தின் சராசரி. உடைந்ததோ சில மில்லி விநாடி.

ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம். டைட்டன் கைக்கடிகாரம் செய்யும் ஊர் இது. குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண் கூடினால் நேரம் இன்னும் நன்றாகக் காட்டும் என்று இந்த ஊரில் எந்தத் தொழிலாளியும் சொல்லமாட்டார். ஒவ்வொரு விநாடியும் அதே எண்ணிக்கையில் அதிர்வதால்தான் அது கடிகாரம். ஷிஃப்டில் இதை அறிந்தவர்கள் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்ததும் எப்படி மறந்துபோகிறார்கள்?

கிகாஹெர்ட்ஸ் பந்தயத்தை நடத்தியவர்களே அதைக் கைவிட்டார்கள். 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரப்போகிறது என்று சொல்லிவந்த இன்டெல், 2004இல் அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. சூடு தாங்கவில்லை. அந்தச் சூடு விஷயம் நமக்கு ரொம்பப் பக்கம். ஓசூர் கொஞ்சம் குளிர்ந்த ஊர், தப்பித்தது. கீழே கிருஷ்ணகிரியில், காவேரிப்பட்டணத்தில், சித்திரை வெயிலில் ஷீட் போட்ட அறையில், மெத்தைமேல் வைத்த லேப்டாப்பில் பாட்டு மிக்ஸ் செய்கிறார்கள். சூடு எல்லையைத் தொட்டதும் எந்தப் பிராசசரும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தை இறக்கும். லட்ச ரூபாய் பிராசசரும் இறக்கும். மெத்தையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, விசிறியில் அடைந்த தூசியைத் தட்டினால் தீருகிற நோய் அது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. வேகமான கணினியில் மிக்ஸ் செய்தால் ஒலித்தரமே உயரும் என்பவர்கள். கணக்கு ஒன்றுதான். மெதுவான கணினி அதே பாட்டை ஏற்றுமதி செய்ய பத்து நிமிடம் எடுக்கலாம், வேகமானது இரண்டு நிமிடத்தில் முடிக்கலாம். இரண்டிலிருந்தும் வெளிவருவது அதே பாட்டு. இதே ஆட்கள்தான் எல்லாவற்றையும் 192 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்து, பிராசசருக்கு நான்கு மடங்கு வேலையைக் கொடுத்துவிட்டு, பிராசசர் போதவில்லை என்கிறார்கள். மைக்குக்கு அருகில் வண்ண விளக்கு மின்னும் கேமிங் கணினி, அதன் விசிறி இரைச்சல் முழுவதும் பாட்டுக்குள். ஜன்னலுக்கு வெளியே தேசிய நெடுஞ்சாலை 44, லாரி ஹாரன் முழுவதும் பாட்டுக்குள். ஜன்னலுக்கு ஒரு கம்பளம் தொங்கவிட மனம் வராது. பிராசசருக்கு மட்டும் கடன் வாங்க மனம் வரும்.

சொல்லாமல் விட முடியாத இன்னொன்றும் உண்டு. தெருக்கூத்து வாத்தியாரைக் கூப்பிட்டு ஒரு பாட்டுக்குப் பாடச் சொன்னால், அவருக்குக் கொடுக்கும் சன்மானத்தில் ஐந்நூறு ரூபாய் குறைக்கப் பேரம் பேசுகிறார்கள். தப்பு அடிக்கிறவருக்குச் சாப்பாடு போட்டால் போதும் என்கிறார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே மூச்சில் பாடும் தொண்டைகள் இந்த மாவட்டத்தில் தெருத்தெருவாக இருக்கின்றன. அவர்களுக்குப் போகவேண்டிய பணம் அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூருவுக்குப் போய் அட்டைப்பெட்டியாகத் திரும்பி வருகிறது.

3.58 மெகாஹெர்ட்ஸ். திரும்பத் திரும்பச் சொல்வேன். அந்த எண்ணை உங்கள் மானிட்டரின் ஓரத்தில் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்த முறை சத்தம் உடைந்தால், பர்சை எடுப்பதற்கு முன் ஒரு மாலை ஒதுக்குங்கள். விண்டோஸ் என்றால் பவர் ஆப்ஷன்ஸில் 'பேலன்ஸ்ட்' என்று இருப்பதை 'ஹை பர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள். புது லேப்டாப்கள் சிலவற்றில் அந்த வரி மறைந்திருக்கும், தேடினால் கிடைக்கும். பிராசசரின் குறைந்தபட்ச நிலையை 100 சதவீதமாக்குங்கள். லினக்ஸ் என்றால் பிராசசர் வேகத்தை நிர்வகிக்கும் கவர்னரை 'பர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள். உபுண்டு ஸ்டுடியோவில் அதற்கென்றே கருவி இருக்கிறது. சார்ஜர் செருகியிருக்கட்டும். பதிவு நடக்கும்போது வைஃபையை அணையுங்கள். பாடும்போது பஃபர் 128, மிக்ஸ் செய்யும்போது 1024. வேலை முடிந்ததும் பழைய அமைப்புக்குத் திரும்புங்கள், இல்லாவிட்டால் கரன்ட் பில்லும் சூடும் வீண். இவ்வளவும் செய்து, கனமான டிராக்குகளை ஃப்ரீஸ் செய்த (முன்கூட்டியே ஒலிக்கோப்பாக மாற்றிவைத்த) பிறகும் சத்தம் உடைகிறதென்றால், அப்போது புதிய கணினி வாங்குங்கள். இதில் ஒன்றையும் செய்து பார்க்காமல் 'சிஸ்டம் பத்தாது' என்று சொல்லும் கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு கேபிள்கூட வாங்காதீர்கள்.