சவரக் கத்தி

சவரக் கத்தியைப் புதிதாய்க் கையிலெடுக்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுவே: கத்தியைத் தோல்வாரில் தீட்டுங்கள், முகத்தை வெந்நீரால் நனைத்து நுரை பூசுங்கள், தோலை இழுத்துப் பிடித்து, கத்தியை 30 பாகை சாய்த்து, மயிர் படிந்த திசையில் அழுத்தாமல் மழியுங்கள்.

இவ்வித்தையைச் சீமையிலேயே கற்றவர் மகாத்மா காந்தி. முடிவெட்டத்தான் கற்கவில்லை. தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியா நகரில், ஆங்கிலேய நாவிதர் இகழ்ந்து மறுக்கவே, கண்ணாடி முன் தாமே வெட்டிக்கொண்டார். பின்புறம் பாழாயிற்று; கோர்ட்டில் நண்பர்கள் நகைத்தார்கள். அவர் நாவிதரை நோகவில்லை. தீண்டாதார் எனப்பட்ட சகோதரர்களுக்குச் சவரம் செய்ய நாமும் விடுவதில்லையே என்றெண்ணிச் சினம் தணிந்தார்.

1950-இல் அரசியல் சாசனம் தீண்டாமையை ஒழித்தது. சில ஊர்ச் சவரக்கடைகளில் அது இன்னும் ஒழியவில்லை. விரும்பித் தாமே சவரம் செய்துகொள்வது சுயநம்பிக்கை. கடையில் மறுக்கப்பட்டுச் செய்ய நேர்ந்தால், அந்த வெட்கம் நம்முடையது.