குவாண்டம் பூட்டும் ஓடிபியும்

போன மாதம் எங்க ஊர் மாரண்டஹள்ளியில் ஒரு அக்கா, பேங்கிலிருந்து பேசுவதாகச் சொன்னவனிடம் ஓடிபியைப் படித்துக் காட்டிப் பணத்தை விட்டார். "குவாண்டம் வந்துட்டா இதெல்லாம் நடக்காதுல்ல?" என்று அவர் பையன் கேட்டான். நடக்கும் தம்பி!

2025 ஜூனில் ஐஐடி தில்லியும் டிஆர்டிஓவும் பிணைந்த ஒளித்துகள்களை வைத்து, ஃபைபரே இல்லாமல், ஒரு கிலோமீட்டருக்கு மேல் ரகசியச் சாவி உருவாக்கிக் காட்டின. பெரிய வேலைதான். அதற்காக "இனி யாராலும் ஹேக் பண்ண முடியாது" என்று ஃபார்வர்டு போடுவதா?

ஜோடித் துகளில் ஆளுக்கொன்றை அளந்து, இருபக்கமும் ஒரே சாவியை எடுப்பார்கள். நடுவில் எவனாவது கைவைத்தால் பிழை கூடும், மாட்டிக்கொள்வான். 1991இல் ஆர்தர் எக்கர்ட் கொடுத்த அருமையான யோசனை. ஆனால் காவல் வழிக்கு மட்டுமே. எதிர்முனையில் இருப்பது நம்ம ஆள்தானா என்று துகளுக்குத் தெரியாது. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். டப்பாவும் மனிதன் செய்ததுதானே? சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில், இதே பிணைப்பு முறையில் இயங்கிய 290 மீட்டர் ஃபைபர் இணைப்பில், டிடெக்டர்களின் கண்ணை வலுவான ஒளியால் குருடாக்கி, சாவி முழுவதையும் எடுத்துக் காட்டினார்கள் ஆய்வாளர்கள் (2011இல் வெளியானது). எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை!

ஃபார்வர்டு பண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிவிட்டுப் பண்ணுங்கள்.