லாக்கப்புக்கு எத்தனை ஸ்டார்?

ஒரு சின்னப் பரீட்சை. கடைசியாக நீங்கள் படித்த ஒரு போலீஸ் படத்தின் விமர்சனத்தையோ, க்ரைம் வெப் சீரிஸ் பற்றிய கட்டுரையையோ ஞாபகப்படுத்திப் பாருங்கள். 'முதல் பாதி விறுவிறு, இரண்டாம் பாதியில் கொஞ்சம் தொய்வு.' 'பின்னணி இசை மிரட்டல்.' 'அந்த ட்விஸ்ட் செம.' கடைசியில் ஐந்துக்கு மூன்றரை ஸ்டார். சரிதானே?

இப்போது கேள்வி. அந்தக் கதையில் ஸ்டேஷனுக்குள் வைத்து யார் யாரை அடித்தார்கள்? அடி வாங்கியவர்களில் எத்தனை பேர் குற்றமே செய்யாதவர்கள்? விமர்சனத்தில் அதைப் பற்றி ஒரு வரியாவது இருந்ததா?

இருந்திருக்காது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அப்படி எழுதிய ஆசாமிகளில் நானும் ஒருவன்.

'சாமி', 'காக்க காக்க' இரண்டும் வந்தது 2003-ல். பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். தியேட்டரில் விசில் அடித்தேன். பிறகு பத்திரிகைக்கு வந்து போலீஸ் படங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தபோதும் அதே விசிலைத்தான் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தேன். பி.காம். படிப்பில் உருப்படியாக மண்டையில் ஏறியது ஆடிட்டிங்தான். ஆடிட்டர் வருகிறார். கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறார். 'கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, அட்டை பைண்டிங் பிரமாதம்' என்று சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டுப் போகிறார். அவரை என்ன செய்வீர்கள்? க்ரைம் கதைகளைப் பற்றி எழுதுகிற நாங்கள் அந்த ஆடிட்டரைத்தான் போல நடந்துகொள்கிறோம். கணக்கு சரியா என்று மட்டும் பார்ப்பதில்லை.

அப்படி என்ன கணக்கு? சொல்கிறேன்.

சினிமாவில் வில்லன் கொலை செய்வதை நாம் கண்ணால் பார்த்துவிடுகிறோம். கேமராதான் சாட்சி. அதனால் ஹீரோ அவனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு லாடம் கட்டும்போது நமக்கு உறுத்துவதில்லை. 'போடு, இன்னும் ரெண்டு போடு' என்று தோன்றுகிறது. நிஜ ஸ்டேஷனில் அந்தக் கேமரா கிடையாது. பிடித்துவந்த ஆள் செய்தானா, செய்யவில்லையா என்பது அடிக்கிறவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ளத்தானே அடிக்கிறார்! இந்த ஒரு வித்தியாசத்தை மறைப்பதில்தான் போலீஸ் கதையின் மொத்த சாமர்த்தியமும் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டுவதுதான் விமர்சகனின் முதல் வேலை. நாங்கள் ஒளிப்பதிவைப் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடித்தால் உண்மை வரும் என்பது உண்மையா? வெள்ளைக்காரனே நம்பவில்லை ஐயா. மதராஸ் மாகாணத்தில் வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் நடக்கிற சித்ரவதைகளைப் பற்றி ஒரு கமிஷன் போட்டு, 1855-ல் அறிக்கையே வாங்கினான். நம் ஊர்க் கதைதான் அது. 1872-ல் வந்த சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்றது. 2024 ஜூலை முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது. அதிலும் 23-வது பிரிவாக அதே விதி இருக்கிறது. வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அது சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். அவ்வளவுதான். ஆனால் திரையில் என்ன நடக்கிறது? 'நான்தான் சார் செஞ்சேன்' என்று அவன் அழுததும் கேஸ் முடிந்துவிடுகிறது. ஒன்றரை நூற்றாண்டாகக் கோர்ட் ஏற்காத ஒன்றை நாம் பாப்கார்னோடு ஏற்றுக்கொள்கிறோம்.

'சினிமாவை சினிமாவாப் பாருங்க சார்' என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. பார்க்கலாம். ஆனால் பார்த்த சினிமா தியேட்டரோடு நிற்கிறதா?

2019 டிசம்பர் 6. ஹைதராபாத் அருகே கால்நடை மருத்துவர் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட வழக்கில் கைதான நான்கு பேரை போலீஸ் சுட்டுக் கொன்றது. நாடே கொதித்துப்போயிருந்த கொடூரம் அது. செய்தி வந்ததும் ஜனங்கள் போலீஸார்மீது பூ தூவினார்கள். இனிப்பு கொடுத்தார்கள். க்ளைமாக்ஸ் முடிந்து லைட் போட்ட மாதிரி. சுப்ரீம் கோர்ட் அமைத்த சிர்புர்கர் கமிஷனின் அறிக்கை 2022-ல் வெளியானது. கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள் என்றது; சுடப்பட்டவர்களில் மூன்று பேர் மைனர்கள் என்றது. விசாரணையே நடக்காததால் அவர்கள்தான் செய்தார்களா என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. பூ தூவியவர்களுக்கு மட்டும் அது எப்படித் தெரிந்தது?

அடுத்த வருஷம், 2020 ஜூன். சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தார்கள் என்று சொல்லி அழைத்துப்போகப்பட்ட அப்பாவும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. அப்போது 'சாமி', 'சிங்கம்' படங்களை எடுத்த டைரக்டர் ஹரி ஒரு அறிக்கை விட்டார். காவல் துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாகச் சொன்னார். அதற்கு ஒரு தைரியம் வேண்டும். ஆனால் அந்தப் படங்களுக்கு 'பக்கா மாஸ்' என்று எழுதி மார்க் போட்ட எங்களில் எத்தனை பேர் வேதனைப்பட்டோம்? நான் இந்தப் பக்கத்தில்தான், இத்தனை வருஷம் கழித்துத்தான் சொல்கிறேன்.

வேறு மாதிரிக் கதைகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. மு.சந்திரகுமார் 1983-ல் குண்டூர் லாக்கப்பில் தான் பட்டதை 'லாக்கப்' என்று புத்தகமாக எழுதினார். வெற்றிமாறன் அதிலிருந்து 'விசாரணை' எடுத்தார். 2021-ல் 'ஜெய் பீம்' வந்தது. 2024-ல் 'வேட்டையன்' படத்தில் ரஜினியே தப்பான ஆளைச் சுட்டுவிட்டுத் தவித்தார். 2022-ல் வந்த 'வதந்தி' சீரிஸில் செத்துப்போன பெண்ணைப் பற்றி ஊர் எப்படியெல்லாம் கதை கட்டுகிறது என்பதுதான் விஷயமே. பார்த்துவிட்டு நாம் என்ன பேசினோம்? 'கொலைகாரன் யாருன்னு கண்டுபிடிச்சியா?' வதந்தியைப் பற்றிய கதையிலும் நமக்கு ட்விஸ்ட்தான் முக்கியம்!

அமெரிக்காவில் 'தி வயர்' என்று ஒரு சீரியல். 2002 முதல் 2008 வரை ஐந்து சீசன். எழுதியவர்களில் முக்கியமானவர் டேவிட் சைமன், பால்டிமோர் நகரத்தில் க்ரைம் நிருபராக இருந்தவர். அதில் ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. காரில் சாய்ந்து நின்ற ஒரு பையனை ஒரு போலீஸ்காரர் துப்பாக்கிக் கட்டையால் அடிக்கிறார். பையனுக்கு ஒரு கண் போய்விடுகிறது. மேலதிகாரி நல்லவர்தான். அவரே 'என்ன நடந்ததுன்னு இப்படிச் சொல்லு' என்று அடித்தவருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். அடி மட்டுமில்லை, அடியை மூடுகிற காகிதமும் கதையில் வருகிறது. அந்த சீரியலைப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு எம்மி அவார்டுகூடக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அது பேசப்படுகிறது என்றால், விமர்சகர்கள் அதை ஒரு நகரத்தின் கதையாக எடுத்துக்கொண்டு விடாமல் எழுதியதும் முக்கியக் காரணம். விமர்சனத்தால் ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னது?

'அப்ப குற்றவாளிக்கு வக்காலத்தா?' என்பீர்கள். இல்லை. குற்றவாளி என்று முடிவாகாத ஆளுக்கு வக்காலத்து. நாளைக்கு உங்கள் பைக் மாதிரியே ஒரு பைக் சிசிடிவியில் தெரிந்தால், அந்த ஆள் நீங்களாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம்.

விசில் அடிக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நானே இன்னும் அடிக்கிறேன், பழக்கதோஷம். ஆனால் அடுத்த தடவை எங்களைப் போன்ற யாராவது ஒரு போலீஸ் படத்துக்கு நாலு ஸ்டார் கொடுத்து எழுதினால், ஆபீஸுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள்: 'சார், அந்த ரெண்டாவது சீன்ல மாட்டிக்கிட்டு அடி வாங்கினானே ஒரு பெட்டிக்கடைக்காரன், அவன் என்ன ஆனான்?'

எழுதியவருக்கு ஞாபகம் இருக்காது. டைரக்டருக்கும் இருக்காது. உங்களுக்காவது இருக்கட்டும்.